அங்கோர் கோயில்கள் மூன்று நாள் சைக்கிள் சுற்று: கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் இருந்து போகிறவர்களுக்கு

கம்போடியாவின் சியெம் ரீப்பில் இருந்து வழிகாட்டியோடு கிளம்பும் மூன்று நாள் சுற்று இது. முதல் இரண்டு நாள் அருமை. மூன்றாம் நாள் பாதிக்குப் பாதிதான். கோயிலை மட்டும் பார்த்தால் போதும் என்றால் துக்துக் பிடித்துக்கொள்ளலாம்ங்க, காசும் மிச்சம். ஒரு கோயிலுக்கும் அடுத்த கோயிலுக்கும் நடுவே இருக்கும் ஏரிக்கரை, அகழி, மதில், வயல், இதைப் பார்க்கத்தான் சைக்கிள். அதனால் பணம் கட்டும் முன்பு, எந்தத் தடத்தில் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டுவிட வேண்டும். 17 கிலோமீட்டர் சின்னச் சுற்று, 26 கிலோமீட்டர் பெரிய சுற்று என்று இரண்டு தார் ரோடுகள் உண்டு. அதிலேயே ஓட்டி முடிக்கிற சுற்றுகளும் இருக்கின்றன. அப்படியென்றால் பகல் முழுக்க வேனும் பஸ்ஸும் பின்னாலேயே வரும்.

இந்தச் சுற்றில் முதல் நாளே அங்கோர் தோம் மதில் மேல் ஏற்றிவிடுகிறார்கள். கெமர் அரசன் ஏழாம் ஜெயவர்மன் 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுப்பிய தலைநகரம் அது. பக்கத்துக்கு 3 கிலோமீட்டர் வீதம் சதுரம், 8 மீட்டர் உயரத்துக்குச் செம்புறாங்கல் மதில், வெளியே 100 மீட்டர் அகலத்தில் அகழி. மதிலுக்கு உள்பக்கம் மண்ணைக் கொட்டி அணை கொடுத்திருக்கிறார்கள். அந்த மண்மேட்டு உச்சியில் போகிற ஒற்றையடித் தடம்தான் இந்தச் சுற்றின் உயிர். தெற்கு வாசல் பாலத்தில் ஒரு பக்கம் 54 தேவர், மறுபக்கம் 54 அசுரர், நாகத்தைப் பிடித்து இழுத்தபடி நிற்பார்கள். அதைத் தாண்டி வலப்பக்கம் ஏறினால் தென்கிழக்கு மூலையில் சின்னக் கோயில் ஒன்று வரும். அங்கே நின்று இளைப்பாறிவிட்டுக் கிழக்கு வாசலில் இறங்கலாம். மொத்தமே 3 கிலோமீட்டர்தான், ஆனால் கைப்பிடிச் சுவர் கிடையாது, மர வேர் குறுக்கே குறுக்கே ஓடுகிறது. வேரை நேர்க்கோணத்தில் கடக்க வேண்டும். சாய்வாக ஏறினால் முன் சக்கரம் வழுக்கிவிடும், மழை பெய்த மறுநாள் இன்னும் மோசம்.

அங்கோர் வாட்டுக்குக் கிழக்குப் பக்கமாகக் கூட்டிப்போவது நல்ல யோசனை. இரண்டாம் சூரியவர்மன் காலத்துக் கோயில், வாசல் மேற்குப் பார்த்தது. சூரிய உதயப் படம் எடுக்கும் கூட்டமெல்லாம் மேற்குப் பக்கக் குளத்தருகே நிற்கும். கிழக்கே இருந்து நுழைந்தால் ஆளரவம் குறைவு, பாற்கடல் கடையும் சிற்பமும் அந்தப் பக்கத்து மண்டபச் சுவரில்தான் இருக்கிறது. சுமார் 49 மீட்டர் நீளம். காலை வெயில் சாய்வாக விழும்போது வாசுகியைப் பிடித்த கைகள் ஒவ்வொன்றும் எழும்பித் தெரியும். நடுவில் திருமால், அடியில் ஆமை, அதைச் சுற்றி அறுபட்டுச் சிதறும் மீனும் முதலையும். பேரூர்க் கனகசபைத் தூண்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு ஒரு வித்தியாசம் உடனே உறைக்கும். நம்முடையது கருங்கல், இது மணற்கல். இங்கே உருவங்கள் சுவரை விட்டு வெளியே வராமல் விரற்கடை ஆழத்துக்குள்ளேயே அடுக்கடுக்காக நிற்கின்றன.

தா ப்ரோம் கோயிலில் நேரம் பத்தவில்லை. முக்கால் மணி நேரம்தான் விடுகிறார்கள், ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். கூரையைக் கவ்விப் பிடித்திருக்கும் பெரிய மரங்களில் பல டெட்ராமெலெஸ் வகை, நம்ம ஆனைமலைக் காட்டிலும் உண்டு. கோயிலைச் சீரமைப்பதில் இந்தியத் தொல்லியல் துறைக்கும் பங்கு இருக்கிறது.

வண்டி விஷயம் விரிவாகச் சொல்ல வேண்டியது. முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள எம்டிபி (மவுண்டன் பைக்) கொடுக்கிறார்கள், ஹெல்மெட்டும் உண்டு. பிரேம் அளவை முன்பதிவின்போதே எழுதிக் கேட்டு வாங்குங்க. ஐந்தரை அடி ஆளுக்கு 17 அங்குலம் சரியாக இருக்கும். கேட்காவிட்டால் இருப்பதைத் தள்ளிவிடுவார்கள், மாலைக்குள் முட்டி வலிக்கும். டயரில் தார் ரோட்டுக்கு ஏற்றபடி காற்றைக் கெட்டியாக அடித்து வைத்திருப்பார்கள். மணலிலும் வேரிலும் அது குதிக்கும். 70 கிலோ ஆளுக்கு 35 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கச் சொல்லலாம், அதற்குக் கீழே போனால் கல்லில் ட்யூப் நசுங்கிப் பஞ்சர் ஆகும். எந்தக் கை லீவர் முன் பிரேக் என்பது அங்கே வண்டிக்கு வண்டி மாறும். கிளம்பும் முன் நின்ற இடத்திலேயே அழுத்திப் பார்த்துவிட வேண்டும். மணல் குழியில் பழக்கத்தில் தப்பான லீவரைப் பிடித்தால் ஆள் முன்னால் போய் விழுவார்.

அங்கே வலதுபக்கப் போக்குவரத்து. நேர் ரோட்டில் சிக்கல் இல்லை, திரும்பும்போதுதான். நம்ம ஊரில் இடதுபக்கம் திரும்புவது ஓரமாக ஒதுங்கிப் போகிற காரியம், அங்கே எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போக வேண்டும். முதல் நாள் நகரத்துக்குள் வழிகாட்டியை ஒட்டியே போவது நல்லது.

வெயிலையும் குறைத்து எடைபோட வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் 60 கிலோமீட்டர் அலுப்பில்லாமல் ஓட்டுகிறவர்களும் அங்கே 35 கிலோமீட்டரில் சோர்ந்துவிடுவார்கள். ஏற்றம் அறவே இல்லை, ஆனால் புழுக்கத்தில் வேர்வை காயாது. ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், இரண்டு பாக்கெட் ஓஆர்எஸ் கட்டாயம். சுற்றோடு கூடவே வரும் வேனில் குளிர்ந்த தண்ணீர் இருக்கும், ஆனால் மதில் மேலும் வயல் தடத்திலும் வேன் வராது. நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் சரியான காலம். ஏப்ரலில் போகாதீங்க. மழைக் காலத்தில் செம்மண் சக்கரத்தில் அப்பி மட்கார்டுக்குள் அடைத்துக்கொள்ளும். மட்கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவதுதான் வழி.

இரண்டாம் நாள் நமக்காகவே போட்டது மாதிரி இருக்கும். நகரத்துக்குக் கிழக்கே ரோலூஸ் வரை வயலும் பனையும் ஊருமாகப் போகிற செம்மண் தடம், நம்ம இட்டேரியில் கிலுவை வேலியை எடுத்துவிட்டால் எப்படியோ அப்படி. 879-இல் எழுந்த ப்ரியா கோ முன்னால் நந்திகள் கோயிலைப் பார்த்துப் படுத்திருக்கின்றன. கோயிலின் பெயருக்கே புனிதக் காளை என்றுதான் பொருள். செங்கல் கோபுரத்தின் மேல் பூசிய சுண்ணாம்புச் சுதை சில இடங்களில் இன்னும் ஒட்டியிருக்கிறது, கிட்டப் போய்ப் பாருங்க. அடுத்து 881-இன் பகோங், ஐந்தடுக்குக் கல் மலை. கடைசியில் 893-இல் கட்டிய லோலே. இது ஒரு காலத்தில் ஏரி நடுவே தீவாக இருந்த கோயில். 3.8 கிலோமீட்டர் நீளம், 800 மீட்டர் அகலமான அந்த ஏரி இப்போது நெல் வயல். நம்ம நொய்யல் குளங்களுக்குச் சரிவின் கீழ்ப்பக்கம் கரை போட்டால் போதும், தண்ணீர் தானாக நிற்கும். அங்கே நிலம் தட்டை என்பதால் நாலு பக்கமும் கரை எழுப்பித் தண்ணீரை நிறுத்தியிருக்கிறார்கள். அதற்குப் பெயர் பராய். வழிகாட்டி இதைச் சொல்லாமல் போனால் நிறுத்திக் கேளுங்க.

மூன்றாம் நாள் பாந்தே ஸ்ரேய். பெரும்பகுதி வேனில் கொண்டுபோய், கடைசிக் கொஞ்ச தூரம் மட்டும் தார் ரோட்டில் ஓட்டவிடுகிறார்கள். சைக்கிள் சுற்று என்று சொல்ல அது பத்தாது. கோயிலைத் தவறவிடவும் முடியாது. 967-ஆம் ஆண்டுச் செம்மணற்கல், உள்ளங்கை அளவு இடத்தில் ஒரு கொடி முழுசாகச் சுற்றி முடிகிறது. ஆடும் சிவனின் காலடியில் எலும்பும் தோலுமாக ஒரு பெண் உருவம் இருக்கும். காரைக்கால் அம்மையார் என்றே ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். வாசல் முகப்பின் உச்சியில் இருப்பதால் கீழே இருந்து சரியாகத் தெரியாது, சின்ன பைனாகுலர் ஒன்று கையில் இருந்தால் நல்லது. போகிற வழியில் ப்ரியா தாக் ஊரில் பனஞ்சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கிறார்கள். நம்ம பனைமரமேதான், சாறு இறக்குவது மட்டும் மூங்கில் குழாயில்.

கோயில் நுழைவுச் சீட்டு சுற்றுக் கட்டணத்தில் சேராது. ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62. மூன்று நாள் சீட்டை 10 நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம். சீட்டில் நம் படம் இருக்கும். நேரிலும் வாங்கலாம், இணையத்திலும் வாங்கலாம். முந்தின நாள் சாயங்காலம் 5 மணிக்கு மேல் வாங்கினால் மறுநாளில் இருந்துதான் கணக்கு. கிழிந்த, கிறுக்கிய டாலர் நோட்டை அங்கே யாரும் வாங்கமாட்டார்கள். அங்கோர் வாட் மேல் தளத்துக்குத் தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும். சைக்கிள் ட்ரௌசரோடு போனால் படியிலேயே நிறுத்திவிடுவார்கள், மேலே மாட்ட ஒரு லேசான பேண்ட் பையில் இருக்கட்டும்.

மதியச் சாப்பாட்டில் கவிச்சி தொடாதவர்கள் முந்தின ராத்திரியே வழிகாட்டியிடம் சொல்லிவிட வேண்டும். காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு ஊற்றுவது அங்கே வழக்கம், கடைக்காரர் அதை மீனாகவே நினைக்கமாட்டார். வழியோரம் மூங்கில் குழாயில் சுட்டு விற்கும் பசையரிசிச் சோற்றைத் தைரியமாக வாங்கலாம். உள்ளே தேங்காய்ப்பாலும் பயறும்தான். பட்டையை நார் நாராக உரித்துச் சாப்பிட்டால் ஒரு குழாய் 20 கிலோமீட்டருக்குத் தாங்கும்.