சவரக்கத்திக்கு எந்தக் கல்? கோவை, ஈரோடு பக்கம் வாங்குவோருக்கு ஒரு மதிப்பீடு

கோவையிலோ ஈரோட்டிலோ ஹார்டுவேர் கடைக்குப் போய் "கத்தி தீட்டற கல் குடுங்க" என்றால் கைக்கு வருவது கார்பரண்டம் கல்தான். ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் நைஸ். கொடுவாள், அரிவாள்மனை, இளநீர் வெட்டும் கத்தி எல்லாவற்றுக்கும் நல்ல கல்; விலையும் சல்லிசு. சவரக்கத்தியை மட்டும் அதன் நைஸ் பக்கத்தில்கூட வைக்கக் கூடாது. அந்தத் துகள் போடும் கோடு, சவரக்கத்தி வாயின் நுனிக் கனத்தைவிடப் பல மடங்கு ஆழமானது. நாலு இழுப்பில் வாய் ரம்பமாகிவிடும்.

சவரக்கத்திக்கு வேண்டியது நீர்க்கல், அதாவது தண்ணீர் விட்டுத் தீட்டும் கல். அதில் அச்சடித்த எண் துகளின் அளவைச் சொல்லும்; எண் கூடக் கூடத் துகள் நைஸாகும். பெரும்பாலும் ஜப்பான் சரக்கு; ஆன்லைனில்தான் வரவழைக்க வேண்டியிருக்கும். ஆர்டர் போடும் முன் கத்தியைப் பாருங்கள். கோவை ராஜ வீதிப் பக்கம் நகைப் பட்டறைச் சாமான் விற்கும் கடையில் பத்தர்கள் கண்ணில் வைக்கும் லென்ஸ் ஒன்று வாங்கி, விளக்கடியில் வாயைப் பிடித்தால் நிலவரம் தெரிந்துவிடும். வாய் உடையாமல், மழுங்க மட்டும் செய்திருந்தால் கடைசிக் கல், அதாவது முடிவில் வாயை மெருகேற்றும் 12000 போன்ற நைஸ் கல், ஒன்று போதும். 1000, 4000 எல்லாம் சேர்த்து செட்டாக வாங்குவது வீண் செலவு. வாயில் பல் விழுந்திருந்தாலோ, துரு அரித்திருந்தாலோ, பழைய கத்தி சந்தையில் எடுத்ததாக இருந்தாலோ மட்டுமே 1000-லிருந்து தொடங்க வேண்டும்.

கல்லில் அச்சடித்த எண்ணை இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே ஒப்பிடாதீர்கள். நார்ட்டன் 8000 கல்லின் துகள் சுமார் 3 மைக்ரான். ஷாப்டனில் அதே 3 மைக்ரான் அளவு 5000 கல்லிலேயே வந்துவிடுகிறது. அவர்களுடைய 12000 ஏறக்குறைய 1.2 மைக்ரான். ஆக நார்ட்டன் 8000 முடித்தவர் அடுத்து ஷாப்டன் 5000 வாங்கினால் நின்ற இடத்திலேயே நிற்பார்.

நார்ட்டன் 4000/8000 இரட்டைக்கல், சவரக்கத்திக்காரர்கள் உலகம் முழுக்க நெடுநாளாகப் புழங்குவது. 3 அங்குல அகலம் என்பதால் கத்தி முழுதாகப் படுத்துவிடும். புதிதாகக் கற்பவருக்கு இது பெரிய வசதி. 4000 பக்கம் தண்ணீரை உறிஞ்சும், பத்து நிமிடம் ஊற வேண்டும், சீக்கிரம் குழியும். 8000 பக்கம் தரும் வாய் சவரம் செய்யும், ஆனால் கழுத்தில் கொஞ்சம் எரியும். மேலே இன்னொரு கல்லோ, பேஸ்ட் தடவிய தோல் வாரோ வேண்டும். புதுக்கல் சமதளமாக வருவதில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கிங் 1000/6000 மலிவு. சமையல் கத்திக்கும் சேர்த்து வாங்குவதென்றால் சரி. மென்மையான கல், அகலமும் குறைவு. சவரத்துக்கென்றே வாங்க நான் சொல்ல மாட்டேன்.

கடைசிக் கல்லில் போட்டி நானிவா 12000-க்கும் ஷாப்டன் குரோமாக்கு 12000-க்கும்தான். ஷாப்டன் கெட்டியான கல். ஊறவே வைக்கக் கூடாது, தண்ணீர் தெளித்தால் போதும், குழிவதும் மெதுவாகத்தான். 210 × 70 × 15 மி.மீ. அளவு, காற்றோட்டத் துளை வைத்த டப்பாவே ஸ்டாண்டாகிவிடும். குறை ஒன்று: கண்ணாடியில் தேய்ப்பதுபோல் வழுக்கும், கல் என்ன செய்கிறது என்று கைக்குத் தெரியாது. நானிவா நேர்மாறு. கத்தி கல்லைப் பிடிக்கும் உணர்வு விரலுக்கு வரும், வாயும் மிருதுவாக அமையும். ஆனால் ரெசின் பிணைப்பு என்பதால் ஊறவிட்டால் இளகும். கத்தி நுனி சாய்ந்தால் கல்லைக் கீறி எடுத்துவிடும். அடித்தட்டோடு வருவது 10 மி.மீ. கனம், தனிக்கல் 20 மி.மீ.; தனிக்கல்லே லாபம். ஒரே ஒரு கல் என்றால் என் ஓட்டு நானிவாவுக்கு. சலூனில் நாளுக்குப் பல கத்தி தீட்டுகிறவருக்கு ஷாப்டன்.

பெல்ஜியத்து ஆர்டென் மலைப்பகுதியில் எடுக்கும் காட்டிக்யூல் இயற்கைக் கல். கார்னெட் துகளால் அறுப்பது. தேய்க்கும்போது கல்லின் துகளும் தண்ணீரும் கலந்து வரும் பாலை நீர்க்கச் செய்துகொண்டே போனால் ஒரே கல்லில் தொடக்கம் முதல் முடிவு வரை போகலாம். அழகான கல்தான். ஒன்றைப்போல் ஒன்று இராது, பழக நாளாகும். முதல் கல்லாக வேண்டாம்.

3000/8000 என்று எண் மட்டும் அச்சடித்து, தயாரித்தவர் பெயரே இல்லாமல் வரும் மலிவுக் கற்களை ஒதுக்குங்கள். நீர்க்கல் பலவற்றில் அறுக்கும் பொருள் அலுமினியம் ஆக்சைடு, அதாவது குருந்தம். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையில் கிடப்பதும் அதே தாதுதான். தாதுவில் மர்மம் ஒன்றுமில்லை. துகள் எல்லாம் ஒரே அளவாகப் பிரிக்கப்பட்டிருக்கிறதா என்பதில்தான் காசு. 8000 கல்லுக்குள் ஒரு முரட்டுத் துகள் இருந்தால் போதும், கடைசி இழுப்பில் கோடு விழும்.

எந்தக் கல் வாங்கினாலும் சமதளம் இல்லையென்றால் பணம் தண்டம். கல்லின் மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போடுங்கள். 10 மி.மீ. கண்ணாடித் துண்டில் 320 வாட்டர் பேப்பரை ஈரத்தோடு ஒட்டவைத்து, கோடு முழுக்க அழியும்வரை தேய்க்க வேண்டும். நடுவில் கோடு மிஞ்சினால் அங்கே குழி. வீட்டுக்குக் கிரானைட் போட்டபோது மிஞ்சிய துண்டு பளபளப்பாக இருக்குமே தவிர சமமாக இருக்கும் என்று நம்ப முடியாது. கணபதி, குறிச்சி சிட்கோ பக்கம் டூல்ரூமில் ஆள் தெரிந்திருந்தால் அவர்களுடைய சர்ஃபேஸ் பிளேட்டில் (சமதளம் பார்க்கும் துல்லியப் பலகையில்) உங்கள் கண்ணாடியைச் சோதித்துக்கொள்ளலாம். கோவைக்காரருக்கு இருக்கும் வசதி இது. தேய்த்து முடித்ததும் கல்லின் நான்கு விளிம்பையும் லேசாக மழுக்குங்கள், இல்லையென்றால் அந்தக் கூர்முனையே கத்தி வாயைக் கடிக்கும். பிறகு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். பேப்பர் துகள் நானிவா போன்ற மென்கல்லில் பதிந்தால் அது இனி 12000 இல்லை.

நம்மூர்க் காற்றும் தண்ணீரும் கல்லுக்குச் சோதனை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது பொள்ளாச்சி, கோவைப் பக்கம் கல்லின் மேல் தெளித்த தண்ணீர் சட்டென்று காய்ந்துவிடும். காய்ந்த கல்லில் இரும்புத்தூள் அடைத்துப் பளபளக்கும், அறுப்பு நின்றுபோகும். ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருங்கள். ஈரக் கல்லை ஈரோட்டுச் சித்திரை வெயிலில் காயவைத்தால் வெடிக்கும், நானிவா சோசெரா வகை குறிப்பாக. நிழலில் நிறுத்தி வைத்தால் போதும். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டுக்குக் கவலையில்லை. உப்புப் போர்த்தண்ணீர் என்றால் கத்தியைக் கடைசியாகக் கேன் தண்ணீரில் அலசித் துடையுங்கள். காய்ந்த உப்புப் புள்ளியில்தான் முதல் துரு பிடிக்கும்.

தீட்டுவதில் கோணத்தைத் தேட வேண்டியதில்லை. கத்தியின் முதுகும் வாயும் சேர்ந்து கல்லில் படுத்தால் கோணம் தானாக 16, 17 டிகிரிக்கு வரும். முதுகு தேயாமலிருக்க ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டினால் கோணம் ஒரு டிகிரி அளவுக்குக் கூடும். ஒட்டினால் எல்லாக் கல்லிலும் ஒட்டியே தீட்டுங்கள். வாய் முன்னே போக, அடியிலிருந்து நுனிக்கு எக்ஸ் வடிவில் ஒரு இழுப்பு. திருப்புவது எப்போதும் முதுகின் மேல். 1000-ல் வாய் முழு நீளத்துக்கும் கைமுடியை மழிக்கும்வரை அடுத்த கல்லைத் தொடக் கூடாது. 8000-ல் வேலை ஆகவில்லை என்று புலம்புவோரில் பெரும்பாலோர் இந்த இடத்தில் அவசரப்பட்டவர்கள்தான். மேலே போகப் போக அழுத்தம் குறைய வேண்டும். 12000-ல் கத்தியின் சொந்த எடை மட்டும், 20 முதல் 30 சோடி இழுப்பு. அமுக்கினால் வாய் வளைந்து மெல்லிய பிசிறு நிற்கும், அது முதல் சவரத்திலேயே முறியும்.

முடிவில் துணி வாரில் 30, தோல் வாரில் 60, இம்முறை முதுகு முன்னே போக. வாரில் தடவ எவர்சில்வர் பட்டறைப் பச்சைச் சோப்பு வேண்டாம். அதில் மெழுகும் பெருந்துகளும் கலந்திருக்கும். 0.5 மைக்ரான் குரோமியம் ஆக்சைடு என்று எழுதி விற்பதை வாங்குங்கள். கத்தியை எடுத்து வைக்கும்போது தேங்காய் எண்ணெய் தடவினால் மார்கழியில் உறையும், நாளடைவில் பிசுக்காகும். திருப்பூரில் எந்தத் தெருவிலும் கிடைக்கிற தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.