குரங்கில் தொடங்குவதா, எலியில் தொடங்குவதா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் டியூஷன் எடுக்கும் தங்கை கேட்டாள்: "அண்ணே, எல்லாம் கடவுள் படைத்தது என்று நம்பும் பிள்ளைகளிடம் பரிணாமத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது?"

மனித மூதாதையர் படம்: செலவில்லை. ஆனால் பத்து நிமிடத்தில் "என் தாத்தா குரங்கா டீச்சர்?" என்பார்கள். அப்புறம் பாடம் நகராது.

செம்பனைத் தோட்டத்து எலி: இதற்கும் செலவில்லை. வார்ஃபரின் என்ற எலி மருந்து வைத்தார்கள், பெரும்பாலானவை செத்தன, தாங்கியவை குட்டி போட்டன, சில தோட்டங்களில் மருந்தே பலிக்காமல் போனது. தோட்டத்தில் மருந்து வைத்த பிள்ளைகளின் அப்பாவே சாட்சி. எலி பழகிக்கொண்டது என்று மட்டும் சொல்லிவிடாதே. தாங்கும் எலி முன்பே இருந்தது.

"எலி எலியாகத்தானே இருக்கிறது?" என்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் புதைபடிவம் வேண்டும்.

தேர்வு நெருங்கி நேரமில்லை என்றால் நேரே படம். வருடம் முழுக்க இருந்தால் எலி முதலில், படம் கடைசியில்.