மங்கலான ஹெட்லைட்: வீட்டிலேயே செய்த ரிலே ஒயரிங், பல மழைக்காலங்களுக்குப் பிறகு

பழைய காரில் ஹெட்லைட் மங்கினால் பல்பை மாற்றும் முன், வோல்ட்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை எடுங்கள். வீட்டு வாசலில் வைத்து ஒயரிங்கைச் சரிசெய்த காரை, பல மழைக்காலங்கள் ஏற்காட்டுக்கு ஓட்டிப் பார்த்த பிறகு இதை உறுதியாகச் சொல்கிறேன்.

எங்களுடையது ஹாலஜன் எச்4 பல்பு (பிரைட்டுக்கும் டிம்முக்கும் தனித்தனி இழை உள்ள ஒரே பல்பு) கொண்ட சிறிய பெட்ரோல் கார். பிரைட் 60 வாட்ஸ், டிம் 55 வாட்ஸ். சேலம் நகருக்குள் தெருவிளக்குகள் இருப்பதால் குறை தெரியாது. அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது தெரிந்துவிடும். வளைவில் என்ஜின் வேகம் குறைய, வெளிச்சமும் கூடவே சோரும். பனிமூட்டம் இறங்கிவிட்டால் சாலையோரத் தடுப்புச் சுவரே கண்ணுக்குப் படாது. "நூறு வாட்ஸ் பல்பு போட்டுவிடலாம் சார்" என்றார் ஒரு கடைக்காரர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மெல்லிய பழைய ஒயரில் கூடுதல் கரண்ட் பாய்ந்தால் பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும்; ஒயரில் வீணாகும் வோல்ட்டேஜும் கூடும்.

என்ஜின் ஓடும்போது, விளக்கைப் போட்டுவிட்டு அளந்தேன். பேட்டரி முனைகளில் 14.1 வோல்ட், பல்பு முனைகளில் 11.9. இடையே 2.2 வோல்ட் தொலைகிறது. ஹாலஜன் பல்பில் வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் விழுந்துவிடும். எனவே கிடைக்க வேண்டிய வெளிச்சத்தில் பாதியை ஒட்டித்தான் எங்களுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

அளவெடுக்கும்போது விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும்; இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். விளக்கை அணைத்துவிட்டு ஒயர் அறுந்திருக்கிறதா என்று மட்டும் சோதித்தால், ஒயருக்குள் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் "பீப்" என்று ஒலித்து நல்ல ஒயர் என்றே காட்டும். நாலரை ஆம்பியர் கரண்ட் அதில் ஓடும்போதுதான் உண்மை வெளிப்படும். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையைப் பல்பின் எர்த் முனையிலும் (கரண்ட் கார் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் முனை) வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குமேல் காட்டினால் எர்த் சரியில்லை. எங்கள் காரில் 0.9 காட்டியது. பாடியில் எர்த் ஒயரைப் பிடித்திருந்த போல்ட்டின் அடியில் துருவும் பச்சைக் களிம்பும் ஏறியிருந்தன. உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, முடுக்கி, மேலே கிரீஸ் தடவியதும் 0.1-க்கு இறங்கியது. செலவே இல்லாத இந்த வேலையை முதலில் செய்துவிடுங்கள். எர்த் மோசமாக இருப்பதற்கு இன்னோர் அடையாளமும் உண்டு: டிம் போட்டால் பிரைட் இழையும் லேசாகச் சிவக்கும். எர்த்துக்கு நேர்வழி கிடைக்காத கரண்ட் அடுத்த இழை வழியாகச் சுற்றிப் போவதால் அப்படி ஆகிறது.

மீதி 1.3 வோல்ட் பாசிட்டிவ் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பல பழைய வண்டிகளில் ஹெட்லைட்டின் முழுக் கரண்டும் ஸ்டியரிங் அருகே உள்ள சுவிட்ச் வழியாகவே ஓடுகிறது. அதைத் தவிர்க்க, டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே போட்டேன். சிறு கரண்ட்டால் இயங்கி, பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்தான் ரிலே; அதன் முனைகளுக்கு எண்கள் உண்டு. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த ஒயர் 30-ஆம் முனைக்கு, 87-இலிருந்து பல்புக்கு, பழைய ஹெட்லைட் ஒயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும். சில வண்டிகளில் சுவிட்ச் எர்த் பக்கத்தில் வேலை செய்யும். அவற்றுக்கு இந்த இணைப்பு பொருந்தாது. வேலை முடிந்ததும் பல்பில் 13.7 வோல்ட். அதே பழைய பல்புகள்தான்!

அதன் பிறகு எப்படி இருக்கிறது? ரிலேக்கள் இன்றுவரை மாற்றப்படவில்லை. ஒயர் முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்தியதால் சேர்வராயன் மலையின் அடைமழையிலும் உள்ளே நீர் தேங்கவில்லை. ஒரு மழைக்காலத்தில் மட்டும் ரிலே "டிக்" என்றது, விளக்கு வரவில்லை. 30-ஆம் முனையில் கிளிப் தளர்ந்திருந்தது, இறுக்கியதும் சரியாயிற்று. மல்டிமீட்டரைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை: மலிவான மீட்டர்களில் உள்ளிருக்கும் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துவரும்போது அளவைக் கூட்டிக் காட்டும். நல்ல கார் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்கும். அதை 14 என்று காட்டினால் சந்தேகம் மீட்டர் மேல் வரட்டும்.

வெளிச்சம் கூடிய பின் ஒளியின் உயரத்தையும் சுவரில் அடித்துப் பார்த்துத் தாழ்த்த வேண்டியிருந்தது. எதிரே இறங்கிவரும் பஸ் ஓட்டுநரின் கண்ணும் நமக்கு முக்கியம். பனிமூட்டத்தில் இப்போதும் டிம் மட்டுமே போடுகிறேன். பிரைட் போட்டால் நீர்த்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும்.

எல்இடி விளக்கும் கணினிக் கட்டுப்பாடும் உள்ள புதிய கார்களில் இப்படி ஒயரை வெட்டி ஒட்ட வேண்டாம். ஃபியூஸையும் எர்த்தையும் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எங்கள் காரில் மிச்சமிருக்கும் குறை இடதுபக்க ரிஃப்ளெக்டர். உள்ளே பளபளப்பான பூச்சு மங்கிவிட்டது. அதற்கு ஒயரிங்கில் வைத்தியம் இல்லை, விளக்கையே மாற்ற வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் மாற்றிவிடுவேன்.