மேலே பாட்டு, கீழே பந்தி: லண்டன் செயின்ட் மார்ட்டின் தேவாலயம்

லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தின் வடகிழக்கு மூலையில், தேசிய ஓவியக் கூடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ் தேவாலயத்தைச் சுற்றுலாப் பயணிகளில் பலர், சதுக்கத்தைச் சுற்றிக் கால் வலித்த பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து இளைப்பாறும் இடமாக மட்டுமே அறிந்திருக்கிறார்கள். அந்தப் படிக்கட்டுக்குப் பின்னால் ஓர் இசை அரங்கும், நிலவறையில் ஓர் உணவகமும், வீடற்றோருக்கும் அடைக்கலம் தேடி வந்தோருக்கும் செய்யப்படும் பணியும், ஆங்கிலத்தோடு கான்டனீஸிலும் மாண்டரினிலும் ஆராதனை நடத்தும் சபையும் இருக்கின்றன. ஆராதனையை மதிப்பிடுவது என் வேலையன்று. ஊருக்குப் புதிதாக வருபவரோ, அதே ஊரில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தும் பேச்சுத்துணை இல்லாதவரோ உள்ளே போனால் என்ன கிடைக்கும், எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்காமலும் இருக்கலாம் என்பதே இங்கே பேச வேண்டியது.

கட்டடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜேம்ஸ் கிப்ஸ் வடிவமைத்து 1722 முதல் 1726 வரை கட்டப்பட்ட இத்தேவாலயத்தில், ரோமானியக் கோயிலைப் போன்ற தூண் முகப்புக்குப் பின்னாலிருந்து கூம்புக் கோபுரம் எழுகிறது. அக்காலத்தில் சிலர் முகம் சுளித்த இந்தச் சேர்க்கை பிற்பாடு அமெரிக்கா முதல் இந்தியா வரை நகலெடுக்கப்பட்டது. சென்னை எழும்பூரில் 1821இல் திறக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், அதாவது பழைய சென்னைவாசிகள் 'கிர்க்' என்று சொல்லும் தேவாலயம், இதன் சாயலில் எழுந்ததுதான். எழும்பூரின் இளகிய மண்ணுக்காக டி ஹேவிலண்ட் என்ற பொறியாளர் கிணறுகளை இறக்கி, அவற்றின் மேல் அடித்தளம் அமைத்தார். உள்ளே வட்டமான கூடமும் நட்சத்திரங்கள் பதித்த நீலக் குவிமாடமுமாக அது தன் வழியில் போய்விட்டது. ஆகவே கிர்க்கைப் பார்த்தவர்கள் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிற்கும்போது முகப்பைப் பழகியதாக உணர்வார்கள். உள்ளே நுழைந்ததும், மூன்று புறமும் மாடங்கள் கொண்ட நீள்சதுரக் கூடத்தையும் இத்தாலியக் கைவினைஞர்களான ஆர்ட்டாரியும் பகுட்டியும் செய்த சுதைவேலைக் கூரையையும் கண்டு வியப்பார்கள்.

இந்தத் தேவாலயம் இன்றைய நிலைக்கு வந்ததற்கு ஒரு காரணகர்த்தா உண்டு. 1914இல் ஆயராகப் பொறுப்பேற்ற டிக் ஷெப்பர்ட், சற்றுத் தொலைவிலுள்ள சேரிங் கிராஸ் நிலையத்திலிருந்து பிரான்சுப் போர்முனைக்குப் புறப்படவும் அங்கிருந்து திரும்பவும் செய்த சிப்பாய்கள் தங்கி இளைப்பாறுவதற்காகத் தேவாலயக் கதவை இரவிலும் திறந்து வைத்தார். போர் முடிந்தபின் சிப்பாய்களின் இடத்துக்குத் தெருவில் படுப்பவர்கள் வந்தார்கள். கதவு மூடப்படவில்லை. 1924 ஜனவரி 6 அன்று பிபிசி முதன்முதலாக ஒரு தேவாலயத்திலிருந்து ஆராதனையை வானொலியில் ஒலிபரப்பியபோது அது இங்கிருந்துதான் சென்றது. அந்த ஒலிபரப்பின் வழியே வளர்ந்த கிறிஸ்துமஸ் நிதி வேண்டுகோள் இன்றும் பிபிசி ரேடியோ 4இல் ஒலிக்கிறது. இரண்டாம் உலகப் போரில் நிலவறை குண்டுவீச்சிலிருந்து ஒதுங்கும் இடமாயிற்று. 1966 டிசம்பரில் 'ஷெல்ட்டர்' என்ற வீட்டுவசதி அறநிறுவனம் தொடங்கப்பட்டதும் இதே கூரையின் கீழ்தான். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாகக் கிழித்துப் பாதியைக் கொடுத்த ரோமானியப் படைவீரர் மார்ட்டினின் பெயரைத் தாங்கும் தேவாலயம் இப்படி ஆனதில் பொருத்தம் இருக்கிறது. ஆனால் பெயர் மட்டும் போதுமானால் ஐரோப்பாவில் மார்ட்டின் பெயர் கொண்ட தேவாலயங்கள் அத்தனையும் இப்படியிருக்க வேண்டுமே!

இத்தனைக்கும் செலவுக்குப் பணம் வேண்டும். காணிக்கைத் தட்டை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதை இச்சபை பல பத்தாண்டுகளுக்கு முன்பே உணர்ந்துகொண்டு, உணவகம், கடை, கச்சேரி ஆகியவற்றை நடத்தத் தனியாக ஒரு வணிக நிறுவனம் அமைத்து, அதன் இலாபத்தைத் தேவாலயத்தின் பணிகளுக்குத் திருப்பியது. 3 கோடியே 60 இலட்சம் பவுண்டு செலவில், எரிக் பாரியின் வடிவமைப்பில் 2008இல் முடிந்த புதுப்பிப்பு வேலை இந்த ஏற்பாட்டுக்கு ஏற்றபடி நிலத்தடியை விரித்துக் கொடுத்தது. தேவாலயத்தின் வடபுறத்தில் உள்ள வட்டமான கண்ணாடிக் கூண்டுக்குள் நுழைந்து, படியிலோ மின்தூக்கியிலோ இறங்கினால் நிலவறைக்குப் போகலாம். சக்கர நாற்காலியில் வருபவர் முன்வாசல் படிக்கட்டைப் பார்த்துத் திரும்ப வேண்டியதில்லை. பழைய கட்டடத்தின் அழகைக் காக்கிறோம் என்ற பெயரில் முதியவர்களை வெளியே நிறுத்தும் இடங்களைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இந்த ஒன்றே பெரிய ஆறுதல்.

நிலவறை உணவகம் 18ஆம் நூற்றாண்டுச் செங்கல் வளைவுகளுக்குக் கீழே இயங்குகிறது. தரையில் பதித்திருப்பவை கல்லறைக் கற்கள். பெயரும் ஆண்டும் செதுக்கிய கல்லின் மேல் நாற்காலியைப் போட்டுச் சாப்பிடுவது நம்மவர்களில் சிலருக்கு ஒவ்வாமல் போகலாம். அப்படியுள்ளவர்கள் காபியை வாங்கிக்கொண்டு மேலே வந்துவிடலாம். தட்டை நாமே எடுத்துக்கொண்டு வரிசையில் போகும் முறை. சூப்பு, ரொட்டி, ஒரு சூடான உணவு, சைவத்துக்கு ஏதாவது ஒன்று, கடைசியில் கஸ்டர்ட் ஊற்றிய ஆப்பிள் கிரம்பிள். சமையலில் சொக்கிப்போக ஒன்றுமில்லை. காரம் என்பதை அறியாத கைகள். ஆனால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருவர் தனியாக உட்கார்ந்து, பரிமாறுபவர் வந்து நிற்பாரோ என்ற பதைப்பில்லாமல் ஒரு மணி நேரம் புத்தகம் படித்தபடி சாப்பிடக்கூடிய இடங்கள் அதிகமில்லை. தனியாக வந்து உண்பவர்கள் அங்கே கணிசமாகத் தென்படுகிறார்கள், அவர்களில் வயதானவர்கள் மிகுதி. உணவகத்தின் உண்மையான மதிப்பு அதில்தான் இருக்கிறது.

இசைதான் இந்த இடத்தின் தலையாய சிறப்பு. நெவில் மேரினர் உருவாக்கி, உலகெங்கும் இசைத்தட்டுகளால் அறியப்பட்ட அகாடமி ஆஃப் செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ் என்ற இசைக்குழு 1959 நவம்பரில் இங்கேதான் முதல் கச்சேரி செய்தது, பெயரையும் இங்கிருந்தே எடுத்துக்கொண்டது. கூடத்தின் ஒலியமைப்பு சிறு குழுக்களுக்கும் மனிதக் குரலுக்கும் வாய்ப்பானது. சுதைக் கூரையும் மரமும் ஒலியைக் கலங்கவிடாமல் வாங்கி அனுப்புகின்றன; பெரிய பேராலயங்களில் ஒரு சுரம் அடுத்த சுரத்தின் மேல் ஏறி உட்காரும் குழப்பம் இங்கு இல்லை. தந்தி வாத்திய நால்வர் குழு வாசிக்கும்போது ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே பிரித்துக் கேட்க முடிகிறது. நாதத்தை மட்டுமல்ல, வில் நரம்பில் படும் உரசலையும் கேட்க விரும்பும் ரசிகருக்கு இது விருந்து.

கிழக்குச் சாளரத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பழைய வண்ணக் கண்ணாடி உடைந்துபோன இடத்தில், ஈரானில் பிறந்து லண்டனில் வாழும் சிற்பி ஷிராசே ஹூஷியாரி 2008இல் வைத்த சாளரத்தில் புனிதர்களும் இல்லை, வண்ணமும் இல்லை. வெண்கண்ணாடியைத் தாங்கும் கம்பிச் சட்டங்கள் நடுவில் உள்ள சாய்ந்த நீள்வட்டத்தை நோக்கி, நீர்ப்பரப்பில் தெரியும் நிழலைப் போல நெளிந்து வளைகின்றன. சிலுவையைத் தேடுபவருக்கு அது சிலுவை, தேடாதவருக்கு வெளிச்சம். இஸ்லாமிய மரபில் பிறந்த ஒரு கலைஞரின் கையால் ஆங்கிலிக்கன் தேவாலயத்தின் பலிபீடச் சாளரம் அமைவதைச் சபையார் ஏற்றுக்கொண்டது, அவர்களது வேறு எந்த அறிவிப்பை விடவும் அவர்களைப் பற்றி அதிகம் சொல்கிறது என்பது என் கருத்து.

இந்தச் சாளரத்தை முழுமையாக அனுபவிக்கப் பகலில் போக வேண்டும். பகலில்தான் இசையும் மலிவு. வாரநாள் மதியக் கச்சேரிகள் 70 ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகின்றன. இசைக் கல்லூரிகளிலிருந்து அப்போதுதான் வெளிவந்த இளம் கலைஞர்கள் அவற்றில் வாசிக்கிறார்கள். கட்டாயக் கட்டணம் இல்லாமல், இயன்றதைக் கொடுக்கும் வழக்கத்தில் வளர்ந்த நிகழ்ச்சி இது. வியாழக்கிழமை மதியம் 1 மணிக்கு நடக்கும் புனித இசை நிகழ்ச்சி இன்னும் சிறந்தது. தேவாலயத்தின் தொழில்முறைப் பாடகர் குழு சில பாடல்களைப் பாட, இடையிடையே அவற்றின் பின்னணி சுருக்கமாக விளக்கப்படுகிறது. வந்திருப்பவர்களும் எழுந்து ஓரிரு கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடலாம். ஏறத்தாழ 35 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பிரசங்கம் கிடையாது. அலுவலக ஊழியர் உணவு இடைவேளையில் வந்து போகலாம், நம்பிக்கையற்றவரும் கூச்சப்படாமல் உட்காரலாம். மேற்கத்தியப் பாடகர் குழு இசைக்குப் பழக்கமில்லாத ஒருவர் அதைக் காதில் ஏற்றிக்கொள்ள இதைவிட எளிய வாசலை நான் அறியேன்.

மாலை நேர மெழுகுவர்த்திக் கச்சேரிகளைப் பற்றி அவ்வளவு உற்சாகமாகச் சொல்ல முடியவில்லை. வாசிப்பு தரமானதுதான், ஆனால் நிகழ்ச்சி நிரலைப் புரட்டினால் விவால்டி, பாக், மொசார்ட் ஆகியோரின் ஊரறிந்த சில படைப்புகளே திரும்பத் திரும்ப வருகின்றன. சபா சீசனில் எந்தச் சபாவுக்குப் போனாலும் அதே 'துக்கடா'க்களைக் கேட்கும் அலுப்பை இங்கேயும் உணரலாம். சுற்றுலாப் பயணியின் பணம்தான் கீழே சிலருக்குச் சூப்பாக மாறுகிறது என்பதை நினைத்தால் கோபித்துக்கொள்ள மனம் வரவில்லை. இருந்தாலும் ரசிகராகப் போகிறவர், தற்கால இசையமைப்பாளர்களின் பெயர் தெரியும் மாலைகளைத் தேடிப் பதிவு செய்வது நல்லது.

இனி நலவாழ்வு. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையில், தனிமையோ மனச்சோர்வோ உள்ளவர்களை மாத்திரையோடு நிறுத்தாமல் பாட்டுக் குழு, தோட்ட வேலை, ஓவிய வகுப்பு போன்றவற்றுக்கு அனுப்பிவைக்கும் 'சமூகப் பரிந்துரை' என்ற முறை அண்மைக் காலத்தில் பரவியிருக்கிறது. அதனால் பல நகரத் தேவாலயங்கள் யோகாவும் தியானமும் கைவேலையும் அடங்கிய வார அட்டவணைகளை வாசலில் ஒட்டி வைக்கின்றன. அத்தகைய அட்டவணையை எதிர்பார்த்து இங்கு வருபவர் ஏமாறக்கூடும். செயின்ட் மார்ட்டினின் பலம் வேறு வகையானது. பகல் வேளையில் உள்ளே வந்து, எதையும் வாங்காமல், யாரிடமும் எதையும் விளக்காமல் உட்கார்ந்திருக்கலாம், அவ்வளவுதான். பேசி ஆற்றிக்கொள்ள ஒருவர் வேண்டும் என்பவருக்கு, நடந்து போகும் தூரத்தில் பிக்கடில்லியில் உள்ள செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்தைச் சொல்வேன். கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்து 1684இல் திறக்கப்பட்ட அத்தேவாலயத்தின் வளாகத்தில் ஒரு கேரவன் வண்டியை நிறுத்தி, பயிற்சி பெற்ற தொண்டர்கள், முன்பதிவு இல்லாமல் வருபவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் சேவையைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறார்கள். கூட்டத்தில் கரைந்து இருக்க விரும்புபவருக்கு மார்ட்டின், தோட்டத்தில் ஒதுங்க விரும்புபவருக்கு ஜேம்ஸ்.

தேவாலயத்தை ஒட்டிய அடிலெய்டு தெருவில் 'கனெக்‌ஷன் அட் செயின்ட் மார்ட்டின்ஸ்' என்ற அறநிறுவனம் தெருவில் படுப்பவர்களுக்கு உதவுகிறது. குளிக்க, உடை துவைக்க, வீட்டுவசதி ஆலோசகரைப் பார்க்க என அன்றாடத் தேவைகளிலிருந்து தொடங்கித் தெரு வாழ்க்கையிலிருந்து மீட்டெடுப்பது வரை அதன் பணி நீள்கிறது. அரசு உதவி பெறும் உரிமையே இல்லாத அகதிகளும் குடியேறிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் பன்னாட்டுக் குழுவும் உண்டு. அங்கே சமைத்துப் பரிமாறுபவர்கள் சபையின் தொண்டர்கள். இவற்றை மதிப்பெண் போட்டு எடைபோடும் தகுதி ஒரு பார்வையாளருக்கு இல்லை.

ஆனால் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். கச்சேரிக்கு வருபவர்களும் பந்திக்கு வருபவர்களும் ஒரே சபையின் விருந்தாளிகளாக இருந்தும், பெரும்பாலும் வெவ்வேறு வாசல்களில், வெவ்வேறு நேரங்களில் வந்து போகிறார்கள். நுழைவுச்சீட்டு வாங்கியவர் தாம் கொடுத்த பணம் எங்கே போகிறது என்பதை ஒரு துண்டறிக்கையில் படிக்கலாம், ஆளைப் பார்ப்பதில்லை. பயனாளிகளின் கண்ணியத்தைக் காட்சிப்பொருளாக்காமல் காக்க இந்தப் பிரிவு தேவை என்று வாதிடலாம், அதில் நியாயமும் இருக்கிறது. ஆயினும் இரு தரப்பும் ஒரே இருக்கை வரிசையில் உட்காரும் நாள் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் நவம்பரில், லண்டனில் வீடற்ற நிலையில் அவ்வாண்டு இறந்தவர்களுக்கான நினைவு ஆராதனை இங்கு நடக்கிறது. இறந்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக உரக்க வாசிக்கப்படுகின்றன. அவர்களோடு தெருவில் வாழ்ந்தவர்களும், அவர்களுக்காக உழைத்தவர்களும், முன்பின் அறியாதவர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பாடகர் குழுக்களும் பங்கெடுக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், கலையையும் சமூகப் பணியையும் ஒரே இடத்தில் நடத்துகிறோம் என்று இச்சபை சொல்லிக்கொள்வது முழுக்க மெய்யாகிறது. இது போன்ற வேளைகள் இன்னும் கூடுதலாக அமைய வேண்டும் என்பதே என் எதிர்பார்ப்பு.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சேரிங் கிராஸ், லெஸ்டர் ஸ்குவேர் ஆகிய இரண்டு சுரங்க ரயில் நிலையங்களிலிருந்தும் நடக்கும் தூரம் சொற்பம். மாலைக் கச்சேரிக்குச் சீட்டு எடுக்கும்போது மாடங்களின் பக்கவாட்டு வரிசைகளையும் தூண்களுக்குப் பின்னால் உள்ள இடங்களையும் தவிர்க்க வேண்டும். விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் தூண்தான். கேட்டால் போதும், பார்க்க வேண்டாம் என்பவர்கள் தாராளமாக அவற்றையே எடுக்கலாம். இருக்கைகள் மரத்தாலானவை, முதுகு நோவுள்ளவர்கள் ஒரு சிறு திண்டு கொண்டுபோவது உத்தமம். மதிய நிகழ்ச்சிகளின் கிழமைகள் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் தேவாலயத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். உள்ளே நுழையும் முன், முகப்புத் தூண்களுக்கிடையே உள்ள கற்பாளத்தைக் கடந்து போய்விடாதீர்கள்: மைக் சாப்மன் 1999இல் செதுக்கிய அந்தப் போர்ட்லாண்ட் கல்லின் மேற்புறத்தில், தொப்புள்கொடி அறுபடாத பச்சிளங்குழந்தை ஒன்று, கல்லிலிருந்து பாதி வெளிவந்த நிலையில் படுத்திருக்கிறது, கல்லைச் சுற்றி யோவான் நற்செய்தியின் தொடக்க வரிகள் ஓடுகின்றன. அதைப் பார்க்கச் சீட்டு வேண்டாம்.