கதவில் மாட்டும் கழுத்து டிராக்‌ஷன் கிட்: யாருக்கு உதவும், எங்கே சொதப்பும்

கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் வலிக்கு என்றால், தண்ணீர்ப் பையின் எடையால் தலையை மேலே இழுக்கும் இந்தக் கிட்டை வாங்கிப் பார்க்கலாம். வெறும் கழுத்துப் பிடிப்புக்கு என்றால் காசு தண்டம்.

ஜவ்வு பிதுங்கி நரம்பு வேரை அழுத்தும்போது வலி கழுத்தோடு நிற்காது. கழுத்தின் ஐந்தாம், ஆறாம் முள்ளெலும்புகளுக்கு (சி5–சி6) இடையில் என்றால் பெரும்பாலும் கட்டைவிரல் பக்கமும், சி6–சி7 என்றால் நடுவிரலும் மரத்துப்போகும். முள்ளெலும்புகளைச் சற்றே விலக்கி, நரம்பு வெளியே வரும் துவாரத்துக்குக் கொஞ்சம் இடம் கொடுப்பதுதான் டிராக்‌ஷனின் வேலை. பிதுங்கிய ஜவ்வு இதனால் உள்ளே போய் உட்கார்ந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

பெட்டியில் கதவின் மேல் விளிம்பில் மாட்டும் இரும்புத் தாங்கி, கப்பிகள், நைலான் கயிறு, குறுக்குக் கம்பி, தலைப்பட்டை, தண்ணீர்ப் பை இருக்கும். டைனர், விஸ்கோ போன்ற நிறுவனங்களின் கிட்டுகள் சர்ஜிக்கல்ஸ் கடைகளில் கிடைக்கின்றன. எந்த நிறுவனமானாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். வாங்கும்போது கப்பியை விரலால் சுழற்றிப் பாருங்கள். அது இறுகிச் சுற்றினால் பையில் இருக்கும் எடையில் ஒரு பங்கு உராய்விலேயே போய்விடும்.

பையில் அச்சடித்திருக்கும் கோட்டை நம்புவதைவிட, லிட்டர் பாட்டிலால் அளந்து ஊற்றுவது மேல். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. உட்கார்ந்த நிலையில் தொடக்கத்துக்கு 3.5 முதல் 4 கிலோ போதும். தலையின் எடையே 4.5 முதல் 5 கிலோ இருப்பதால் முதல் சில நாள் பெரிதாக எதுவும் தெரியாது. அதற்காக அவசரப்பட்டு எடையைக் கூட்டக் கூடாது. ஒத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரைக் கிலோ வீதம் ஏற்றி, 5.5 கிலோ அளவில் நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் பிசியோதெரபிஸ்ட் சொன்னால் மட்டும். நேரம் முதலில் 10 நிமிடம், பிறகு 15 முதல் 20 நிமிடம்.

அதிகம் பேர் கோட்டை விடுவது உட்காரும் திசையில். சுவரில் சாய்வதுபோல் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் கயிறு தலையைப் பின்னால் இழுக்கும், துவாரம் இன்னும் குறுகும், கைவலி ஏறும். கதவைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். கயிறு நேர்க்குத்தாக இல்லாமல் 20 முதல் 25 டிகிரி முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். கப்பிக்கும் தாடைக்கும் ஒரு மீட்டர் உயர வித்தியாசம் என்றால், கயிறு இறங்கும் இடத்திலிருந்து தலை 40 செ.மீ. பின்னால் இருந்தால் இந்தச் சாய்வு வந்துவிடும். பை முழங்காலிலோ கதவிலோ முட்டாமல் தொங்குகிறதா என்றும் பாருங்கள். கதவை உள்ளே தாழிட்டுக்கொள்ளுங்கள். யாராவது தள்ளித் திறந்தால் கழுத்துதான் வெடுக்கென்று இழுபடும். குளியலறை பி.வி.சி. கதவு இந்தப் பாரத்துக்கு லாயக்கில்லை.

இந்தக் கிட்டின் பெரிய குறை தாடைப்பட்டை. இழுப்பு பிடரி எலும்பில் விழ வேண்டும். தாடையில் விழுந்தால் காதோரத் தாடை மூட்டு வலிக்கும், பல் கூசும். பின்பட்டையை ஒரு துளை இறுக்கி, தாடைப்பட்டையை அந்த அளவு தளர்த்தினால் பாரம் பின்னால் மாறும். கடைவாய்ப் பற்களுக்கு இடையே மடித்த பஞ்சுத் துணி வைத்துக்கொள்ளலாம். பல்செட் போட்டிருப்பவர்கள் அதைக் கழற்றக் கூடாது. இவ்வளவு செய்தும் தாடை வலித்தால் இந்த வகைக் கிட் உங்களுக்கு ஆகாது. படுத்த நிலையில் பிடரியை மட்டும் பிடித்து இழுக்கும் கருவி உண்டு, விலைதான் பல மடங்கு.

வலி விரலிலிருந்து முழங்கைக்கும், அங்கிருந்து தோளுக்கும் ஏறிச் சுருங்கினால் சரியாகப் போகிறது என்று பொருள், கழுத்தில் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. மாறாக, மரமரப்பு கீழே இறங்கினாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்துங்கள். முடிக்கும்போது பையைக் கையால் தாங்கி, மெதுவாக ஸ்டூலில் இறக்கிவிட்டுத்தான் பட்டையைக் கழற்ற வேண்டும். முதல் சில முறை பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

முடக்குவாதம், எலும்பு மெலிவு, கழுத்தில் பழைய முறிவு, புற்றுநோய் இருப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது, நடையில் தள்ளாட்டம், சிறுநீர் கட்டுப்பாடு குறைவது எல்லாம் தண்டுவடமே அழுந்துவதன் அறிகுறிகள். அந்த நிலையில் கிட் அல்ல, நரம்பியல் அறுவை மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். எம்.ஆர்.ஐ. பார்த்த மருத்துவர் சரி என்ற பிறகே மற்றவர்களும் வாங்குவது நல்லது.

2014-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் உடற்பயிற்சியோடு சேர்த்து மெஷின் டிராக்‌ஷன் எடுத்தவர்கள், கதவு டிராக்‌ஷன் எடுத்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். பிசியோ மையம் பக்கத்தில் இருந்தால் அங்கேயே போகலாம். தினமும் போய்வர முடியாதவர்களுக்கு இது இரண்டாம் தேர்வு, அதுவும் தாடையை உள்ளிழுத்து 5 நொடி நிறுத்தும் பயிற்சியோடு சேர்த்து.

காற்றடிக்கும் மூன்றடுக்குக் காலரை மட்டும் வாங்காதீர்கள். எவ்வளவு விசை விழுகிறது என்று அதில் அளக்க வழியே இல்லை; கூடுதலாக ஊதினால் கழுத்து ரத்தக் குழாய்களையும் அழுத்தும்.

கதவு டிராக்‌ஷனில் இரண்டு மூன்று வாரத்தில் கைவலி குறையவில்லை என்றால் எடையைக் கூட்டாதீர்கள், கிட்டைக் கழற்றி வைத்துவிட்டு மருத்துவரிடம் திரும்பப் போங்கள்.