படம் ஓடுகிறது, சத்தம் வரவில்லை: ஆர்க்கா, ஆப்டிகலா?

மலேசியாவின் பெராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: நெட்ஃபிளிக்ஸ் போட்டால் படம் தெரிகிறது, சத்தம் மட்டும் காணோம், என்ன செய்வது? டிவியிலிருந்து ரிசீவருக்கு, அதாவது ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டிக்கு, சத்தம் எந்த வழியாகப் போகவேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். ஆர்க் என்பது எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே டிவியின் சத்தத்தை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி, ஆப்டிகல் என்பது சத்தத்தை வெளிச்சமாக அனுப்பும் தனிக் கேபிள். எங்கள் வீட்டில் எச்டிஎம்ஐ ஆர்க்கை விட்டுவிட்டு ஆப்டிகலுக்கு மாறினேன். பகலில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிற வீட்டுக்கு அதுதான் பொருத்தம் என்பேன்.

வசதி என்று பார்த்தால் ஆர்க்தான் முன்னால் நிற்கும். 2009இல் எச்டிஎம்ஐ 1.4 உடன் வந்தது. ஒரே கேபிள், டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம், நெட்ஃபிளிக்ஸ் அனுப்பும் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற ஒலி வடிவமும் அதில் போகும், தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரவைக்கும் அட்மாஸும் போகும். ஆப்டிகல் அதைவிடப் பழையது, 1983இல் தோஷிபா கொண்டுவந்தது. அதில் போகும் ஒலி வடிவங்கள் ஸ்டீரியோ பிசிஎம் (சுருக்காத சாதாரண ஒலி), பழைய டால்பி டிஜிட்டல், டிடிஎஸ், அவ்வளவுதான். டால்பி டிஜிட்டல் பிளஸ் போகாது. அட்மாஸ் கேட்டே ஆகவேண்டும் என்பவர்களுக்கு ஆப்டிகல் வேண்டாம்.

அந்த டால்பி டிஜிட்டல் பிளஸில்தான் பல பேருடைய தொல்லை ஒளிந்திருக்கிறது. முதலில் யூடியூபில் ஒரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். யூடியூபில் சத்தம் வந்து நெட்ஃபிளிக்ஸில் வரவில்லை என்றால் கேபிளைக் குறைசொல்ல வேண்டாம், அது நன்றாகத்தான் இருக்கிறது. யூடியூப் பெரும்பாலும் சாதாரண ஸ்டீரியோ. நெட்ஃபிளிக்ஸில் 5.1 என்று போட்டிருக்கும் பல ஸ்பீக்கர் ஒலி ரிசீவருக்குப் புரியாத வடிவத்தில் போய்ச் சேர்கிறது. டிவியின் ஒலி அமைப்பில் 'பாஸ் த்ரூ' (ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்புவது) என்று இருப்பதை 'பிசிஎம்' என்று மாற்றுங்கள். உடனே சத்தம் வரும். ஸ்டீரியோதான் வரும், ஆனாலும் ரிசீவரில் ஸ்டீரியோவைப் பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டால்பி புரோ லாஜிக் இருந்தால் அதைப் போட்டுப் பின்பக்க ஸ்பீக்கர்களையும் பாட வைக்கலாம். எந்த ஆப்பிலும் சத்தமே இல்லை என்றால்தான் கேபிளையும் இணைப்பையும் சந்தேகப்பட வேண்டும்.

இனி நான் முடிவெடுத்த காரணத்துக்கு வருகிறேன். சத்தம் போனால் அதை யார் மீட்பது? பெராக்கில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்குமேல் இடி மின்னல் வராத நாள் குறைவு. மின்னல் அடித்தால் கரண்ட் டிரிப் ஆகும். அப்பா போய் சுவிட்சைத் தூக்கிவிடுவார், டிவியும் ரிசீவரும் ஒரே நேரத்தில் உயிர்பெறும். ஆர்க் வேலை செய்ய இரண்டும் ஒன்றை ஒன்று கூப்பிட்டுப் பேசிக்கொள்ள வேண்டும், அந்தப் பேச்சுக்கு சிஇசி என்று பெயர். டிவி முந்திக்கொண்டு எழுந்து, ரிசீவர் இன்னும் தூக்கக் கலக்கத்தில் இருந்தால் பேச்சு நடக்காது. சத்தம் டிவியின் சின்ன ஸ்பீக்கருக்குத் திரும்பிவிடும், சில சமயம் எங்கேயும் வராது. டிவி மென்பொருள் புதுப்பித்துக்கொண்ட பிறகு சிஇசி தானாக அணைந்துகிடப்பதும் உண்டு. அதைத் தேடிப் போனால் சாம்சங்கில் ஒரு பெயர், எல்ஜியில் இன்னொரு பெயர், சோனியில் வேறொரு பெயர். மாலை நாடக நேரத்தில் அம்மா அந்த மெனுவுக்குள் இறங்கித் தேடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. நான் ஈப்போவில் வேலையில் இருந்துகொண்டு போனில் வழிசொன்னாலும் ஆகாத காரியம்.

ஆப்டிகலுக்கு இந்தப் பேச்சுவார்த்தையே கிடையாது. டிவியில் ஒலி வெளியீட்டை ஆப்டிகல் என்றும் வடிவத்தை பிசிஎம் என்றும் வைத்து, ரிசீவரில் அந்தக் கேபிள் செருகிய வாயைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போதும். கரண்ட் போய் வந்தாலும் கேபிளில் வெளிச்சம் பாயும், சத்தம் வரும். சோதிப்பதும் சுலபம். ரிசீவர் பக்கத்து முனையைக் கழற்றிப் பார்த்தால் நுனியில் சிவப்பு வெளிச்சம் தெரியும். தெரிந்தால் டிவி அனுப்புகிறது, குறை பெரும்பாலும் ரிசீவர் பக்கம். புதுக் கேபிளில் இரண்டு முனையிலும் கண்ணாடிபோல் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமல் செருகிவிட்டு சத்தம் வரவில்லை என்பவர்களும் உண்டு, அதையும் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, ஆப்டிகலில் செம்பு இல்லை. ஆஸ்ட்ரோ (செயற்கைக்கோள் டிவி) தட்டின் ஒயர் வழியாக டிவிக்குள் இறங்கும் மின்னல் அந்தக் கேபிள் வழியாக ரிசீவருக்குத் தாவாது. ஆனால் இரண்டும் ஒரே சுவர்ப் பிளக்கில் இருந்தால் மின்கம்பி வழியாக வருவதை அது தடுக்காது. ஆகவே இடி முழங்கினால் பிளக்கைப் பிடுங்கும் பழக்கத்தை விடவேண்டாம்.

குறைகளும் உண்டு. ரிசீவருக்குத் தனி ரிமோட் வேண்டும். அம்மா அதற்குப் பழகிவிட்டார். உதடு அசைவும் சத்தமும் கொஞ்சம் பிசகினால் ஒலித் தாமதத்தைக் கையால் சரிசெய்ய வேண்டும், எச்டிஎம்ஐயில் சில கருவிகளில் அது தானாக நடக்கும். கேபிளைச் சுவர் மூலையில் இறுக்கி மடித்தால் உள்ளே முறிந்துவிடும்.

நெட்ஃபிளிக்ஸ் போன்ற ஆப்கள் ஓடும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை நேராக ரிசீவரில் செருகுவது மூன்றாவது வழி. ரிசீவர் புதிதாக இருந்தால் நல்ல வழிதான். பழைய ரிசீவரில் எச்டிசிபி 2.2 என்ற திருட்டுத் தடுப்பு முறை இருக்காது, அப்போது 4கே படம் வராது. ஆர்க்கின் மேம்பட்ட வடிவமான ஈஆர்க் 2017இல் எச்டிஎம்ஐ 2.1 உடன் வந்தது. தம்பி வீட்டில் கொஞ்ச நாள் பார்த்த அளவில் ஆர்க்கைவிட நிதானமாக இருந்தது. இடிமழைக் காலத்தில் அதை வைத்துப் பார்த்ததில்லை, அதனால் தீர்ப்பு சொல்லமாட்டேன்.

ஆர்க்கிலேயே இருப்பவர்கள் சத்தம் போனால் டிவி, ரிசீவர் இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கி, ஒரு நிமிடமாவது கழித்து ரிசீவரை முதலில் போடுங்கள், அது முழுதாக எழுந்தபிறகு டிவி. பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். புது டிவி வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே பின்பக்கம் எட்டிப் பாருங்கள். இப்போது சில டிவிகளில் ஆப்டிகல் வாயையே எடுத்துவிட்டார்கள்.