எம்ஜிபி-க்கு எது: எஸ்யூ ஜோடியா, ஒற்றை வெபரா?

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபி வைத்திருக்கும் யாருக்கும் ஒரு கட்டத்தில் இந்த ஆசை வரும்: பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் இரண்டு எஸ்யூ எச்எஸ்4 கார்புரேட்டர்களையும் கழற்றிவிட்டு ஒரு வெபர் 45 டிசிஓஇ கார்புரேட்டரை மாட்டினால் என்ன? எனக்கும் வந்தது. யோசித்துப் பார்த்து எஸ்யூ ஜோடியையே புதுப்பித்துப் போட்டேன், இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

வெபர் பார்க்க அழகு, அந்த உறிஞ்சும் சத்தம் அதைவிட அழகு. ஆனால் 1798 சிசி எஞ்சினின் ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல்மூடி) நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து, கலவை உள்ளே போகும் இன்லெட் துளைகள் இரண்டுதான். நெரிசல் அங்கே இருக்கும்போது, ஹெட்டையும், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டையும் தொடாமல் கார்புரேட்டரை மட்டும் மாற்றினால் பெரிதாக என்ன கிடைத்துவிடும்?

எனக்கு முடிவைச் சொன்னது பராமரிப்புதான். எஸ்யூவில் பெட்ரோல் வரும் துளையான ஒரு ஜெட், அதற்குள் ஏறி இறங்கும் ஒரு ஊசி, அவ்வளவுதான். எஞ்சின் இழுக்கும் காற்றுக்கு ஏற்ப கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன் தானே உயர்ந்து ஊசியையும் தூக்கிக்கொள்ளும். கலவை சரியா என்று பார்க்க, பக்கத்தில் இருக்கும் சின்ன பின்னை அழுத்திப் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கினால் போதும். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், எஞ்சின் அணையப் பார்த்தால் குறைவு, லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. அடியில் இருக்கும் நட்டை ஒரு முகம் (அதன் ஆறு பக்கங்களில் ஒன்று) திருப்பிவிட்டு மறுபடி பார்க்கலாம். இரண்டு கார்புரேட்டரையும் சமப்படுத்த ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரண்டு வாயிலும் இரைச்சலை ஒப்பிட்டாலே போதும். வெபரில் மெயின் ஜெட், ஏர் கரெக்டர், எமல்ஷன் டியூப், ஐடில் ஜெட், சோக் என்று ஒவ்வொன்றும் தனி உருப்படி, ஒவ்வொன்றையும் காசு கொடுத்து வாங்கி மாற்றிப் பார்க்க வேண்டும், கடைசியில் ரோலிங் ரோடில் (காரை உருளைகள் மேல் ஓட்டி அளக்கும் கருவி) ஏற்றாமல் முடியாது.

எஸ்யூவைக் குறை சொல்பவர்கள் பலர் ஓட்டுவது தேய்ந்துபோன எஸ்யூவை. த்ராட்டில் ஸ்பிண்டிலை (காற்றைத் திறந்து மூடும் தகட்டின் தண்டு) பிடித்து ஆட்டிப் பாருங்கள்; ஆடினால் அந்த இடைவெளி வழியாகக் காற்று புகுகிறது, ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஒருநாளும் நிலையாக நிற்காது. புது ஸ்பிண்டில், புது புஷ், பிஸ்டனுக்கு மேலே இருக்கும் டாஷ்பாட்டில் 20 கிரேடு எண்ணெய், இவ்வளவுதான் என் 'அப்கிரேடு'. அப்புறம் ஆக்சிலரேட்டரை மிதித்தால் தயங்காமல் போகிறது. உதிரிபாகமும் கவலையில்லை, இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் இருக்கும் பர்லன் நிறுவனம் இன்றும் புதிதாகவே செய்து விற்கிறது.

ரேஸ் கேம்ஷாஃப்ட் போட்டு உயர் ஆர்பிஎம்மில் ஓட்டுபவர்களுக்கு வெபர் பொருந்தலாம். நான் அப்படி ஓட்டியதில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். எஸ்யூவின் இன்னொரு மாடலான எச்ஐஎஃப்44 ஒன்றை மட்டும் போட்ட நண்பரின் காரில் ஏறியிருக்கிறேன், ஐடில் நன்றாகவே இருந்தது, சமப்படுத்தும் வேலையும் மிச்சம். 1975 முதல் ஒற்றை ஸ்ட்ரோம்பெர்க் கார்புரேட்டரோடு அமெரிக்காவுக்குப் போன கார்களின் கணக்கு வேறு: அதில் எஸ்யூ ஜோடி போட இன்லெட் மேனிஃபோல்டையும் (கார்புரேட்டரை ஹெட்டோடு இணைக்கும் குழாய்) சேர்த்தே மாற்ற வேண்டும், அந்தச் செலவையும் கூட்டிக்கொண்டுதான் வெபரோடு ஒப்பிட வேண்டும்.